எதிர்ப்பக்கத்தில் ஒருவர்: வீட்டுக் கணினியில் சதுரங்கம்

(நூற்றாண்டு நிறைவையொட்டிக் கூடிய பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில், சதுரங்கக் கழகத்தின் முன்னாள் பொறுப்பாசிரியையும் பழைய மாணவியுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கூட்டம் என்றால் பெரிய விடயங்களைப் பேச வேண்டும். கல்லூரியின் தொடக்கம், அதிபர்களின் சேவை, இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலம் ஆகியவற்றைப் பேச என்னிலும் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். செயலாளர் எனக்குத் தந்தது சின்னத் தலைப்பு. வீட்டுக் கணினியில் சதுரங்கம் விளையாட எளிமையான மென்பொருளை எப்படித் தேடிக்கொள்வது என்பதே அது. நான் கணிதம் படிப்பித்தவள். சதுரங்கக் கழகத்துக்கும் பல வருடம் பொறுப்பாக இருந்தவள். ஆகவே இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடந்தான் வந்து சேர்கிறது. கழகத்துக்கு மென்பொருள் வாங்குவது பற்றிய ஒரு முன்மொழிவும் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதற்கும் நான் சொல்லப்போவதற்கும் தொடர்பு உண்டு. அதை முடிவில் சொல்கிறேன்.

மூன்று வகையானவர்கள் என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

முதலாவது வகையினர் என் வயதுக்காரர். பிள்ளைகளுடன் கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்கள். பகலில் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி. "கல்லூரியிலை பழகின செஸ்ஸைத் திரும்ப விளையாட ஆசையாய் இருக்கு, ஆனா ஆர் இருக்கினம்?" என்று தொலைபேசியில் கேட்பார்கள். இரண்டாவது வகையினர் தாய்மார். பிள்ளை செஸ் பழகுகிறாள், தங்களுக்கு அது தெரியாது, கைத்தொலைபேசியைக் கொடுத்தால் என்ன பார்ப்பாளோ என்ற பயமும் இருக்கிறது. மூன்றாவது வகையினர் பின்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகள்தான்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தரம் 6இல் கழகத்தில் சேர வரும்போது வாசல் கொள்ளாத கூட்டமாக வருவார்கள். தரம் 9 ஆகும்போது ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவினரே மிஞ்சுவார்கள். படிப்புச் சுமை ஒரு காரணம். ஆனால் விட்டுப்போன பிள்ளைகளிடம் ஆறுதலாக இருத்தி வைத்துக் கேட்டால் வேறொரு பதிலும் வரும். "வீட்டிலை விளையாட ஒருத்தரும் இல்லை ரீச்சர்." தமையன் பின்னேரம் வாசிகசாலைக்குப் போகிறான், அங்கே பலகை இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள், இருட்டிய பிறகும் விளையாடிவிட்டு வரலாம். இவள் ரியூசன் முடிந்து நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கிழமையில் ஒரு நாள், பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம் விளையாடுபவளுக்கும், தினமும் விளையாடுபவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் திறமையின் வித்தியாசம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் வளர்ந்த போல்கார் சகோதரிகளைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூசன், சோபியா, யூடிட் என்று மூன்று பெண் பிள்ளைகள். தகப்பனார் அவர்களை வீட்டிலேயே படிப்பித்து, சதுரங்கத்தையே முதன்மைப் பாடமாக்கினார். கடைசி மகள் யூடிட் 1991இல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். அதுவரை பொபி பிஷரிடம் இருந்த மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை அவர் முறியடித்தார். தகப்பனாரின் பயிற்சி முறை பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் அதில் கவனிப்பது இன்னொன்று. அந்த வீட்டில் எந்த நேரமும் எதிர்ப்பக்கத்தில் உட்கார இன்னொரு பெண் பிள்ளை இருந்தாள். எங்கள் வீடுகளில் அது இல்லை. அந்த வெறும் கதிரையில் உட்கார வைக்கத்தான் மென்பொருளைத் தேடுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதைத் தேட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவாகும்.

இனிக் கொஞ்சம் பழைய கதை. கணினிச் சதுரங்கம் கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. அலன் ரூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை, தன் நண்பரோடு சேர்ந்து, சதுரங்கம் விளையாடுவதற்கான விதிகளின் தொகுதி ஒன்றை எழுதினார். அதை இயக்கக்கூடிய கணினி அப்போது அவரிடம் இல்லை. ஆகவே 1952இல் தானே கடதாசியும் பென்சிலுமாக இருந்து, கணினி செய்யவேண்டிய கணக்கையெல்லாம் கையால் செய்து, நண்பர் ஒருவருடன் ஓர் ஆட்டம் விளையாடினார். அந்தக் கடதாசிக் கணினி தோற்றுப்போனது.

முப்பது வருடம் கழித்து, 1980களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் விற்பனையான இசட்எக்ஸ் 81 என்ற மலிவான வீட்டுக் கணினியில் ஒருவர் 672 பைட்டுக்குள் சதுரங்க நிரல் ஒன்றை எழுதி முடித்தார். காலையில் நாம் வட்ஸ்அப்பில் அனுப்புகிற பூப்படத்தின் நூறில் ஒரு பங்குகூட அது வராது. கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகள் அதில் இல்லை. ஆனால் எதிரே இருந்து விளையாடியது. 1997 மே மாதம் நியூயோர்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ, உலகச் சம்பியன் கஸ்பரோவை 3.5க்கு 2.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அது பெரிய அலுமாரிகள் இரண்டு அளவான இயந்திரம். இன்று உங்கள் கைப்பையில் இருக்கும் தொலைபேசியில் ஓடக்கூடிய இலவச நிரல் எந்த உலகச் சம்பியனையும் வெல்லும்.

இந்தக் கதையிலிருந்து எமக்கு வேண்டிய பாடம் இதுதான். பலமான மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை, அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. கடைக்காரர் "இதுதான் மிகவும் பலமானது" என்று சொன்னால், அது எமக்கு வேண்டாதது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எம்முடன் சமனாக விளையாடத் தெரிந்த, தோற்கவும் தெரிந்த மென்பொருளே எமக்கு வேண்டும். தேடிப்பிடிக்கச் சிரமமானதும் அதுதான்.

தேடத் தொடங்குமுன் ஒரு விளக்கம் தேவை. சதுரங்க மென்பொருளில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று யோசிக்கும் பகுதி. இதை இயந்திரம் என்பார்கள். மற்றது நாம் கண்ணால் பார்க்கும் பலகை. சமையலறையில் சமைப்பவர் ஒருவர், மேசையில் பரிமாறுபவர் இன்னொருவர் என்பதுபோல. இருவருக்கும் இடையில் பேச்சு நடக்க யூசிஐ என்ற பொது முறை 2000ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அதனால் ஒருவர் செய்த பலகையில் இன்னொருவர் செய்த இயந்திரத்தைப் பூட்டிக்கொள்ளலாம். ஸ்டொக்ஃபிஷ் என்ற பெயரைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2008இல் வெளிவந்தது, முற்றிலும் இலவசம். ஆனால் அது இயந்திரம் மட்டுமே. அதை மட்டும் இறக்கித் திறந்தால் பலகையும் வராது, காய்களும் வராது. எழுத்துகள் மட்டும் உள்ள ஒரு கறுப்புப் பெட்டி வரும். கணினி பழுதாகிவிட்டது என்று பயந்து எனக்கு அழைப்பெடுத்தவர்கள் உண்டு. பழுது ஒன்றுமில்லை, சமையற்காரரை நேரே மேசைக்கு அழைத்துவிட்டோம், அவ்வளவுதான். ஆகவே பலகையும் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற பொதியையே தேடுங்கள்.

இனி, உங்கள் வீட்டில் இருக்கும் கணினியைப் பொறுத்துச் சொல்கிறேன். பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய துண்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மக் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றும் தேட வேண்டாம். செஸ் என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு அதனுடன் சேர்ந்து வருகிறது. வெளிநாட்டில் பிள்ளைகளின் மக் கணினியைப் பாவிக்கும் பலர் அது அங்கே இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். பயன்பாடுகள் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். அமைப்புகளில் கணினியின் விளையாட்டுக்கு ஒரு நகர்த்தி உண்டு, அதை வேகம் என்ற பக்கத்துக்குத் தள்ளினால் குறைவாக யோசிக்கும். பலகை சரிந்த முப்பரிமாணத் தோற்றத்தில் இருக்கும். கண் பிடிக்காவிட்டால் பலகையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மேலிருந்து பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்ளலாம். நகர்த்தலைத் திருப்பி எடுக்கவும் முடியும்.

பழைய விண்டோஸ் 7 கணினி மூலையில் கிடக்கிறது என்றால், அதை எறிவதற்கு முன் விளையாட்டுகள் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் பல பதிப்புகளில் செஸ் டைட்டன்ஸ் என்ற அழகான விளையாட்டு இருந்தது. 1 முதல் 10 வரை நிலைகள் உண்டு. முதலாம் நிலை தொடக்கக்காரருக்குப் பொருத்தமானது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியுடன் முடிந்துவிட்டது. எனவே அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். இணையத் தொடர்பைக் கழற்றிவிட்டுச் சதுரங்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது இன்னும் பல வருடம் உழைக்கும்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்குச் சதுரங்கம் உடன் வருவதில்லை. இவர்களுக்கு நான் சொல்வது லூகாஸ் செஸ். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஒருவர் பல வருடமாக உழைத்து இலவசமாகத் தரும் மென்பொருள் அது. விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. அதன் சிறப்பு, எதிராளிகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருப்பது. சிறு பிள்ளைகளுக்கான எதிராளிகளுக்குக் குரங்கு, கழுதை, எருது, ஓநாய், சிங்கம் என்று மிருகப் பெயர்கள். ஒரு பிள்ளை வந்து "ரீச்சர், இண்டைக்குக் கழுதையை வெண்டிட்டன்" என்று சொன்னபோது ஆசிரியர் அறையே சிரித்தது. அவளுக்கு அடுத்த நாள் எருதுடன் விளையாடும் துணிவு வந்துவிட்டது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதில் பட்டியல்கள் மிக அதிகம், முதல்நாள் திறப்பவருக்குத் தலை சுற்றும். விளையாடு என்ற ஒரு பொத்தானை மட்டும் பாவியுங்கள், மற்றவற்றை ஆறு மாதத்துக்குத் தொட வேண்டாம்.

லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு க்னோம் செஸ் போதும். இலகு, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகளும் ஒரு பலகையும் இருக்கும், தேவையற்றவை ஒன்றும் இராது. அதன் பின்னால் இருந்து யோசிப்பது பெரும்பாலும் க்னூ செஸ் என்ற, 1980களின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்துவரும் இயந்திரம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகள் இருந்தால் ஜீகொம்ப்ரி என்ற கல்வி மென்பொருளைப் பாருங்கள். எழுத்து, கணக்கு, படம் என்று ஏராளமான செயற்பாடுகளுக்கு நடுவில் சதுரங்கமும் இருக்கிறது. ராஜாவையும் ஒன்றிரண்டு காய்களையும் மட்டும் வைத்து ஆட்டத்தை முடிக்கப் பழகும் பயிற்சியும் உண்டு. அதுவும் இலவசம், விளம்பரமற்றது.

தடையில்லாத இணையம் உள்ளவர்கள் லிசெஸ் தளத்திலும் விளையாடலாம். கணக்குத் திறக்காமலே கணினியுடன் 8 நிலைகளில் விளையாட அது இடம் தருகிறது. ஆனால் எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு டேற்றாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, மின்வெட்டு வந்தால் ரூட்டரும் நின்றுவிடும். ஆகவே கணினிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மென்பொருளை நிறுவியாகிவிட்டது. அடுத்தது நிலையைத் தெரிவது. பலர் மனமொடிந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஸ்டொக்ஃபிஷ் இயந்திரத்தின் பலத்தைக் குறைக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அண்மைய பதிப்புகளில் அந்த அமைப்பு 1320 என்ற ஈலோ தரப்புள்ளிக்குக் கீழே இறங்குவதில்லை. நேற்றுக் குதிரை நகர்த்தப் பழகிய பிள்ளை அந்தப் புள்ளிக்கு எவ்வளவோ கீழே இருப்பாள். இருபது ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவள் தன்னைத்தான் முட்டாள் என்று நினைப்பாள், மென்பொருளின் நிலை பிழை என்று நினைக்கமாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. பலமான இயந்திரத்தைப் பலவீனமாக்கும்போது அது மனிதர் போலப் பிழை விடுவதில்லை. பத்து நகர்த்தல் கெட்டித்தனமாக விளையாடிவிட்டு, திடீரென ராணியைச் சும்மா கொடுத்துவிடும். அதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது குறைவு. மனிதர் விடுகிற பிழைகளையே பழகி விளையாடும் மாயா என்ற இயந்திரத்தை அமெரிக்க, கனேடியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். அதன் நிலைகள் 1100இல் தொடங்குகின்றன. ஓரளவு பழகிய பிள்ளைகளுக்கு அது நல்லது. தொடக்கக்காரருக்கு லூகாஸ் செஸ்ஸின் குரங்கும் செஸ் டைட்டன்ஸின் முதலாம் நிலையுமே போதும்.

என்னுடைய அளவுகோல் இலகுவானது. மூன்று ஆட்டத்தில் ஒன்றை வெல்லக்கூடிய நிலையில் இருங்கள். மூன்றையும் வென்றால் ஒரு படி ஏறுங்கள், மூன்றையும் தோற்றால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை, அந்த அறையில் உங்களைப் பார்க்க ஒருவரும் இல்லை.

மென்பொருளைத் தெரிவுசெய்யும்போது வேறு சிலவற்றையும் கவனியுங்கள். மணிக்கூட்டை நிறுத்திவைக்க முடியவேண்டும். யோசிக்கும் எழுபது வயதுக்காரருக்கும் பத்து வயதுக்காரிக்கும் மணிக்கூடு எதிரி. நகர்த்தலைத் திருப்பி எடுக்க முடியவேண்டும். காய்கள் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கவேண்டும். கண்ணுக்குப் புரை வந்த தோழி ஒருவர் பலகையின் நிறத்தை மாற்றிய பிறகே மந்திரியையும் சிப்பாயையும் பிரித்தறிந்ததாகச் சொன்னார். ஆட்டத்தைச் சேமிக்க முடியவேண்டும். பீஜீஎன் என்ற பொது வடிவத்தில் சேமித்தால் அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தச் சதுரங்க மென்பொருளிலும் திறக்கும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவசம் என்று தேடினால் முதலில் வரும் தளங்களிற் பல, மென்பொருளைச் செய்தவர்களுடையவை அல்ல. பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சதுரங்கத்தோடு வேண்டாத நான்கு பொருள்களும் வந்து குடியேறும். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, கணினியோடு வரும் மென்பொருள் கடையிலிருந்தோ மட்டும் எடுங்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை இலக்கம் கேட்டால் மூடிவிடுங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, முன்பின் தெரியாதவர்களுடன் விளையாடவும் அரட்டை அடிக்கவும் இடம் தருவனவற்றைத் தாய்மார் அருகில் இல்லாமல் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியே விளையாட வேண்டுமானால் அந்த அறையில் அவளும் இயந்திரமும் மட்டுமே இருக்கவேண்டும். இணையம் தேவையற்ற மென்பொருளை நான் விரும்புவதற்கு இது முக்கிய காரணம்.

கழகப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணினியுடன் விளையாடும்போது பக்கத்தில் கொப்பியை வைத்து ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் எழுதுங்கள். கையால் எழுதினால் நகர்த்துமுன் ஒரு கணம் நிற்பீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு, எங்கே தோற்றேன் என்று முதலில் நீங்களே தேடுங்கள், அதன் பின்பு கணினியைக் கேளுங்கள். விளையாடும்போதே யார் முன்னணியில் என்று காட்டும் பட்டையை மூடிவையுங்கள். அதைப் பார்த்து விளையாடப் பழகியவள், போட்டி மண்டபத்தில் அது இல்லாதபோது தடுமாறுவாள். மனிதர் ஒருவருடன் விளையாடும் ஆட்டத்தின் நடுவில் கணினியிடம் கேட்பது களவு. கூடத்தில் ஒருவரும் காணாவிட்டாலும் களவு களவுதான்.

இவ்வளவும் சொன்ன நான் கணினியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது தோற்றால் முகம் சிவப்பதில்லை. வென்றால் கைகுலுக்குவதில்லை. எதிரே இருப்பவள் காயைத் தொடும்போது அவள் கண்ணைப் பார்க்கும் பழக்கத்தை அதனால் தரமுடியாது. நேரில் விளையாடும் பதற்றத்தைப் பழகாத பிள்ளை, வீட்டில் சிங்கத்தை வென்றுவிட்டு, போட்டியில் தன்னிலும் குறைந்தவளிடம் தோற்பாள். ஆகவே கணினியைக் கிழமையின் ஆறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது நாள் மரப்பலகையும் மனிதரும் வேண்டும்.

இனி, நிகழ்ச்சி நிரலில் உள்ள முன்மொழிவு. கழகத்துக்காக வருடச் சந்தா கட்டும் மென்பொருள் வாங்கலாம் என்பது அது. முன்மொழிந்த தங்கச்சியின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். நன்கு முன்னேறிய விளையாட்டுக்காரருக்கு அப்படியான பொருள்கள் பயன்படும். ஆனால் எமது பிள்ளைகள் விட்டுப்போவது மென்பொருளில் பலம் போதாததால் அல்ல, வீட்டில் எதிராளி இல்லாததால். சந்தா மென்பொருள் கல்லூரிக் கணினிக் கூடத்தில் இருக்கும், கூடம் இரண்டு மணிக்குப் பூட்டப்படும், பிள்ளையின் வீட்டுக்கு அது போகாது. சந்தா கட்ட மறந்த வருடம் கூடத்திலும் இருக்காது.

அதற்குப் பதிலாக நான் ஒரு திருத்தத்தை முன்வைக்கிறேன். லூகாஸ் செஸ், ஜீகொம்ப்ரி இரண்டும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க அனுமதிக்கும் உரிமத்தில் வருபவை. அவற்றைப் பென் டிரைவில் ஏற்றிக் கழகப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அனுப்பலாம், சட்டத்துக்கு விரோதம் ஒன்றுமில்லை. கணினி இல்லாத வீடுகளுக்கு, வெளிநாட்டிலும் கொழும்பிலும் நீங்கள் மாற்றி ஒதுக்கிவைத்த பழைய மடிக்கணினிகளைச் சேகரிப்போம். இந்த மென்பொருள்களுக்குப் புதிய கணினி தேவையில்லை. மென்பொருளுக்கென ஒதுக்கிய காசில் மரப்பலகைகளும் காய்களும் போட்டி மணிக்கூடுகளும் வாங்குவோம். அந்த ஏழாவது நாளுக்கு அவை தேவை.

கடைசியாக, கடல் கடந்து இருக்கும் அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். முன்னர் பீஜீஎன் கோப்பைப் பற்றிச் சொன்னேன். நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று மின்னஞ்சலில் ஓர் ஆட்டம் விளையாடலாம். தபாலட்டையில் நகர்த்தல் அனுப்பி விளையாடிய காலமும் உலகில் இருந்தது, அதில் ஓர் ஆட்டம் முடிய வருடங்கள் எடுக்கும். இது அவ்வளவு நாள் எடுக்காது. பொறுப்பாசிரியையின் முகவரியூடாக மட்டும், அவருடைய கண் முன்னால், ஒவ்வொரு பழைய மாணவியும் கழகப் பிள்ளை ஒருத்தியுடன் தவணைக்கு ஓர் ஆட்டம் விளையாட வேண்டும் என்பது என் ஆசை. மற்ற நாள்களில் இருவரும் அவரவர் வீட்டுக் கணினியுடன் பழகிக்கொள்ளலாம். பகல் முழுவதும் தனியே இருக்கும் உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை கிடைப்பாள். அவளுக்கும் இந்தக் கல்லூரியின் பழைய வகுப்பறையில் இருந்து படித்த ஓர் அக்கா கிடைப்பார். விளையாட மறந்துவிட்டது என்று தயங்குபவர்கள் குரங்கிலிருந்து தொடங்குங்கள், தவணை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

பெயர் கொடுக்க விரும்புவோருக்கான பட்டியலும் அதே வாசல் மேசையில் இருக்கிறது. வர முடியாதவர்கள், இந்த மலரில் இதை வாசித்தபின் செயலாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.